ராக் பாட்டுக்குள்ள சௌவின், பெல்டேன், ஃபேரி கதைகள்: எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிடறேன்: நீங்க ஒரு ராக் பேண்டுக்கு லிரிக்ஸ் எழுதறீங்க, சௌவின், பெல்டேன் மாதிரி கெல்டிக் பண்டிகைகளையும் அந்த ஊர் ஃபேரி கதைகளையும் வெச்சு நாலஞ்சு பாட்டு பண்ண ஆசை, ராக்ல இதை யார் உருப்படியா பண்ணிருக்காங்க, எதை எடுக்கறது, எதைத் தொடாம விடறதுன்னு கேக்கறீங்க. இது நான் ரொம்ப வருஷமா கேட்டும் படிச்சும் வர்ற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

என் பதில்ல முக்கியமானது ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பண்டிகைகளைப் பாட்டுல வெறும் பின்னணியா போட்டா மூடுபனி, காடு, நெருப்பு, நிலான்னு நாலு வரி வந்து அதோட நின்னுடும். பழைய கதைகள்ல பண்டிகை ராத்திரிங்கறது ஒரு கெடு. அந்த ஒரு ராத்திரிதான் கதவு திறக்கும், விடியறதுக்குள்ள வேலை முடியலேன்னா போன ஆள் போனதுதான். இந்தக் கெடுவைப் பிடிச்சவங்க பாட்டை அம்பது வருஷம் கழிச்சும் கேக்க முடியுது, பேரை மட்டும் பிடிச்சவங்க பாட்டு ரெண்டாவது தடவையே அலுத்துடுது.

காலண்டரை வேகமா சொல்லிடறேன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மேன் தீவு, இந்த கேலிக் மக்களுக்கு வருஷத்துல நாலு பெரிய நாள்: நவம்பர் 1 சௌவின் (முந்தின நாள் பொழுது சாஞ்சதுமே ஆரம்பிச்சுடும், அதான் ஹாலோவீன் 31ஆம் தேதி), பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. எல்லாமே ஆடு மாடு, விளைச்சலை ஒட்டின கணக்கு. மே மாசம் மாட்டை மேட்டு மேய்ச்சலுக்கு ஓட்டுவாங்க, நவம்பர் வரும்போது கீழ இறக்கிட்டு வருவாங்க, குளிர்காலத் தீனிக்குத் தாங்காத உருப்படியை அறுத்துடுவாங்க. பெல்டேன் அன்னிக்கு ரெண்டு நெருப்பு மூட்டி நடுவுல மாட்டை ஓட்டற வழக்கம் 900 வாக்குல தொகுத்த கார்மக் அகராதிங்கற பழைய அயர்லாந்து அகராதியிலேயே பதிவாயிருக்கு. அதாவது சௌவினோட பயம்ங்கறது இனி ஆறு மாசம் இருட்டு, யார் மிஞ்சுவாங்கன்னு தெரியாதுங்கற நிஜமான பயம். பழைய அயர்லாந்துல ஹாலோவீனுக்கு டர்னிப்பைக் குடைஞ்சு மூஞ்சி செதுக்குவாங்க, பூசணிக்காயெல்லாம் அமெரிக்கா போன பிறகு வந்தது. மேயோ மாவட்டத்துல இருக்கற கிராம வாழ்க்கை மியூசியத்துல அப்படி ஒரு டர்னிப்போட பிளாஸ்டர் வார்ப்பு இருக்கு, போட்டோ தேடிப் பாருங்க, கைக்கடக்கமா, சுருங்கிப்போன மனுஷ மூஞ்சி, பல்லோட. பூசணி விளக்கு முன்னாடி உக்காந்து எழுதற பாட்டும் இதைப் பாத்துட்டு எழுதற பாட்டும் ஒண்ணா இருக்காது.

இப்ப பாட்டுக்கு வருவோம். நீங்க முதல்ல கேக்க வேண்டியது ஃபேர்போர்ட் கன்வென்ஷனோட 'டாம் லின்', 1969 டிசம்பர்ல வந்த 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்துல இருக்கு. அந்த வருஷம் மே 12 அன்னிக்கு அவங்க வேன் எம்1 ஹைவேல கவுந்து ட்ரம்மர் மார்ட்டின் லாம்பிள் உட்பட ரெண்டு பேர் செத்துட்டாங்க, மிச்சப் பேர் இனி பேண்டு வேணுமா வேண்டாமான்னு நின்னு, அப்புறம் ஹாம்ப்ஷயர்ல ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுத்து எல்லாரும் சேந்து தங்கி இந்த ஆல்பத்தை உருவாக்கினாங்க. பாஸ் வாசிச்ச ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டன்ல செசில் ஷார்ப் ஹவுஸ்ங்கற நாட்டுப்புறப் பாட்டு நூலகத்துல உக்காந்து பழைய பாட்டுக்களைத் தோண்டிட்டு வந்தார். டாம் லின் ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்துக் கதைப்பாட்டு, இந்த மாதிரிக் கதைப்பாட்டுக்களைத் திரட்டின ஃப்ரான்சிஸ் சைல்ட் தொகுப்புல 39ஆம் நம்பர், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கொடுத்த பாடம் 1796ல அச்சாச்சு, கதையோட பேர் 1549லயே ஒரு புஸ்தகத்துல வருது.

கதையைக் கிட்டக்கப் போய்ப் பாருங்க. செல்கர்க் பக்கத்துல எட்ரிக், யாரோ (Yarrow)ங்கற ரெண்டு ஆறும் சேர்ற இடத்துல கார்ட்டர்ஹா காடு. அங்க போகாதேன்னு பொண்ணுங்களை எச்சரிச்சு வெச்சிருக்காங்க, ஜேனட் போறா. ரோஜாவைக் கிள்றா, டாம் லின் வந்து நிக்கறான், என் அனுமதி இல்லாம எப்படிப் பறிச்சேங்கறான், இது எங்கப்பா எனக்குக் கொடுத்த காடு, உன்னை எதுக்குக் கேக்கணும்ங்கறா. திரும்பி வரும்போது கர்ப்பம். அரண்மனைல ஒரு கிழட்டு வீரன் உன்னால எங்க எல்லார் மேலயும் பழி வரப்போகுதுன்னு முணுமுணுக்கறான், வாயை மூடுங்கறா, அப்பா கேட்டப்ப பழி என்னோடதுங்கறா. கருவைக் கலைக்க மூலிகை தேடி மறுபடி காட்டுக்குப் போறா, அப்பதான் அவன் விஷயத்தைச் சொல்றான்: நானும் மனுஷன்தான், வேட்டைல குதிரைலேர்ந்து விழுந்தப்ப ஃபேரி ராணி பிடிச்சுட்டுப் போயிட்டா, ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை அவங்க நரகத்துக்கு வரி கட்டணும், இந்தத் தடவை நான் நல்லா சதை பிடிச்சு இருக்கேன், என்னைத்தான் கட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. இன்னிக்கு ஹாலோவீன். நடுராத்திரி மைல்ஸ் கிராஸ்ல அவங்க ஊர்வலம் போகும். கறுப்புக் குதிரையை விடு, பழுப்புக் குதிரையை விடு, பால் வெள்ளைக் குதிரைல வர்றவனைப் பிடிச்சு இழு. உன் கைல என்னை பல்லியா, பாம்பா, கரடியா, சிங்கமா, பழுக்கக் காய்ச்சின இரும்பா மாத்துவாங்க, விட்டுடாதே. கடைசில தணலா மாறுவேன், கிணத்துல தூக்கிப் போடு, அம்மணமா ஒரு மனுஷன் எழுந்து வருவான், உன் பச்சைப் போர்வையால மூடு.

இந்தக் கதைல அலங்காரமா ஒரு வரிகூட கிடையாது. எல்லாமே வழிமுறை, எந்தக் குதிரை, எந்த நேரம், எதை எங்க போடணும். கேக்கறவனுக்கு அந்த ராத்திரி ஹாலோவீனா இருக்கறது ஏன் முக்கியம்னு யாரும் விளக்க வேண்டியதில்ல, ஏன்னா ஜேனட்டுக்கு வேற ராத்திரியே கிடையாது. பாட்டுல கோரஸ் இல்லேங்கறதையும் கவனிங்க. பாடகி சாண்டி டென்னி குரலை உசத்தாம செய்தி சொல்ற மாதிரி பாடிட்டே போறா, வரிக்கு வரி நடுவுல ரிச்சர்ட் தாம்சன் கிட்டாரும் டேவ் ஸ்வார்ப்ரிக் ஃபிடிலும் முட்டி மோதற ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன இசைத் துண்டு) வந்து இடிக்குது, ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடற பாட்டுல ஒரு இடத்துலயும் தொய்வு இல்ல. முடிவும் கல்யாணத்துல முடியாது, ராணி கோவத்துல சொல்ற சாபத்துல முடியும், இது தெரிஞ்சிருந்தா அவனை அப்பவே மரமாக்கியிருப்பேன்னு. தோத்தவளோட ஆத்திரத்துல பாட்டை நிறுத்தறது எவ்வளவு பெரிய முடிவு பாருங்க.

ஃபேரின்னதும் ரெக்கை வெச்ச குட்டிப் பொம்மை ஞாபகம் வந்தா அதை இப்பவே ஓரம் வெச்சுடுங்க, அது பெரும்பாலும் விக்டோரியா காலத்துப் படங்கள் கொடுத்தது. அயர்லாந்துக் கதைகள்ல இவங்க மண்மேட்டுக்குள்ள வாழறவங்க, மனுஷ சைஸ், பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரிதான் ஆனா கோவம் வந்தா மாடு சாகும், பிள்ளை மாறிடும். ராத்திரில பாம்புன்னு சொல்லாம பூச்சின்னு நம்ம ஊர்ல சொல்ற மாதிரி அங்க நேரடிப் பேர் சொல்ல மாட்டாங்க, நல்லவங்கன்னுதான் சொல்வாங்க. தனியா நிக்கற ஒத்தை ஹாதார்ன்ங்கற முள்மரத்தை வெட்ட மாட்டாங்க, 1999ல கிளேர் மாவட்டத்துல லட்டூன்ங்கற இடத்துல ரோடு போட வந்தப்ப கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்து அப்படி ஒரு மரத்தைக் காப்பாத்தினார், ரோடு அதை விட்டு விலகிப் போச்சு.

இதோட இருட்டுப் பக்கத்துக்கு ஒரு நிஜச் சம்பவம் இருக்கு, லிரிக்ஸ் எழுதறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். 1895 மார்ச், டிப்பரரி மாவட்டத்துல பாலிவாட்லியாங்கற ஊர். பிரிஜெட் கிளியரி, தையல் வேலை பாத்த பொண்ணு, இருபதுகள்ல இருந்தவ, உடம்பு சரியில்லாம படுத்தா. புருஷன் மைக்கேல் இது என் பொண்டாட்டி இல்ல, அவளை ஃபேரிங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க, இது அவங்க விட்டுட்டுப் போன மாத்து ஆள்னு நம்பினான். சொந்தக்காரங்க கண்ணு முன்னாடியே அவளைக் கட்டாயப்படுத்தி மூலிகை குடிக்க வெச்சு, நீ யார்னு திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசில எரிச்சுக் கொன்னுட்டான். அதுக்கப்புறம் அவன் என்ன பண்ணான்னா, ஃபேரிங்க இருக்கறதா நம்பின பக்கத்து மண்கோட்டைல கறுப்புப் பிடி கத்தியோட ராத்திரி ராத்திரியா காத்திருந்தான், நிஜ பிரிஜெட் வெள்ளைக் குதிரைல வருவா, கட்டை அறுத்து மீட்டுடலாம்னு. டாம் லின் பாட்டுல ஜேனட் பண்றதும் இதுவேதான், வெள்ளைக் குதிரை, ஒரே சந்தர்ப்பம், மீட்பு. ஒரே கதை ஒரு இடத்துல ஒருத்தனைக் காப்பாத்துது, இன்னொரு இடத்துல ஒருத்தியைக் கொல்லுது. கோர்ட்ல கொலையாகாத மரணம்னு தீர்ப்பாகி இருபது வருஷ தண்டனை கொடுத்தாங்க, பதினஞ்சு வருஷம் உள்ள இருந்துட்டு 1910ல வெளில வந்தான். மாத்துப் பிள்ளை, மாத்துப் பொண்டாட்டின்னு பாட்டு எழுதறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணை ஒரு நிமிஷம் நினைச்சுட்டு எழுதுங்கன்னு நான் கேட்டுக்கறேன், ஏன்னா அந்த நம்பிக்கைக்கு உடம்புல விலை கொடுத்தவங்க இருந்தாங்க.

அடுத்தது ஹார்ஸ்லிப்ஸ். டப்ளின்ல 1970ல ஆரம்பிச்ச பேண்டு, கெல்டிக் ராக்குங்கற வகைக்கே இவங்களைத்தான் பெரிய ஆரம்பமா சொல்வாங்க. 1973ல 'தி டாய்ன்', பழைய அல்ஸ்டர் மாட்டுப் போர்க் கதையை முழு ஆல்பமா பண்ணாங்க, அந்தக் கதைல மேவ் ராணியோட படை கிளம்பறதே சௌவின் முடிஞ்ச திங்கட்கிழமைதான். 'டியரக் டூம்' பாட்டோட கிட்டார் ரிஃப் ஓ'நீல் மார்ச்ங்கற பழைய மெட்டுலேர்ந்து வந்தது, 1990 உலகக்கோப்பைக்கு அயர்லாந்து டீமுக்குப் போட்ட பாட்டுலயும் அதே ரிஃப்தான், ஊரே பாடிச்சு. ஆனா எனக்கு இதை விட 1976ல வந்த 'தி புக் ஆஃப் இன்வேஷன்ஸ்' பெருசு. டூஹா டே டானன்னு ஒரு தெய்வ இனம், மனுஷங்ககிட்ட தோத்து மண்மேட்டுக்குள்ள போயி ஃபேரியா ஆனவங்க, அவங்க கதை. அந்த ஆல்பத்தை மூணு பாகமா பிரிச்சிருக்காங்க: சிரிக்க வைக்கற இசை, அழ வைக்கற இசை, தூங்க வைக்கற இசை. இது பேண்டுக்காரங்க கற்பனை இல்ல. டாக்டாங்கற தெய்வத்தோட யாழை எதிரிங்க தூக்கிட்டுப் போயிடறாங்க, அவர் போயி மீட்டு, சுத்தி எதிரிங்க நிக்கும்போது இந்த மூணையும் வாசிக்கறார், பெண்கள் அழறாங்க, அப்புறம் சிரிக்கறாங்க, அப்புறம் மொத்தப் படையும் தூங்கிடுது, இவர் தப்பிச்சு வந்துடறார். கதைலேர்ந்து பேரை எடுக்காம வடிவத்தை எடுத்திருக்காங்க, உங்க அஞ்சு பாட்டையும் இப்படி யோசிச்சுப் பாருங்க.

அதே தூக்க இசையோட பயங்கரமான பக்கமும் இருக்கு, அதை யாராவது ஹெவியா பண்ணணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஒவ்வொரு சௌவினுக்கும் ஆலியன்னு ஒருத்தன் மேட்டுக்குள்ளேர்ந்து வந்து தாரா அரண்மனை வாசல்ல வாசிப்பான், காவல் நிக்கற அத்தனை பேரும் தூங்கிடுவாங்க, உடனே வாயாலேயே நெருப்பைக் கக்கி அரண்மனையை எரிச்சுட்டுப் போயிடுவான். வருஷா வருஷம் கட்டறாங்க, வருஷா வருஷம் எரியுது. ஃபின் மக்கூல்ங்கற இளைஞன் நான் முழிச்சிருக்கேன்னு வர்றான், எப்படி முழிச்சிருந்தான்னா விஷ ஈட்டியோட முனையை நெத்தில அழுத்திக்கிட்டு நின்னான். மெதுவா தாலாட்டு மாதிரி ஒரு கிட்டார் பகுதி, நடுநடுவுல ஈட்டி குத்தற மாதிரி ஒத்தை அடி, தூக்கம் கூடக்கூட அடியும் கூடணும், அப்புறம் நெருப்பு. இசையமைப்பே கதைக்குள்ள எழுதிக் கிடக்கு.

வரி எழுதற நுணுக்கத்துக்கு வாட்டர்பாய்ஸோட 'தி ஸ்டோலன் சைல்ட்' கேளுங்க, 1988ல 'ஃபிஷர்மன்ஸ் ப்ளூஸ்' ஆல்பத்துல, கால்வே பக்கம் ஸ்பிடல்ங்கற ஊர்ல தங்கி ரெக்கார்ட் பண்ணது. வரிகள் யேட்ஸ் 1886ல எழுதின கவிதை, டோமாஸ் மக்இயோன்னு ஒரு பாரம்பரியப் பாடகர் அதைப் பேசற குரல்ல சொல்வார். முதல் மூணு பத்திலயும் ஃபேரிங்க பிள்ளையைக் கூப்பிடறாங்க, வா, எங்ககிட்ட பழம் இருக்கு, நிலா வெளிச்சத்துல ஆட்டம் இருக்கு, உங்க உலகத்துல அழுகைதான் ஜாஸ்தின்னு. நமக்கும் போலாமேன்னு தோணும். நாலாவது பத்தில பிள்ளை கிளம்பிட்டான், அப்பதான் அவன் இனிமே கேக்கவே போறதில்லாததை யேட்ஸ் வரிசையா வெக்கறார்: மலைச்சரிவுல கன்னுக்குட்டி கத்தறது, அடுப்புல கெட்டில் பாடறது, ஓட்ஸ் மாவுப் பெட்டியைச் சுத்தி எலி ஓடறது. வீட்டு எலி! அதைக்கூட இழக்கப் போறானேன்னு நெஞ்சு பிசையுது. ஃபேரி உலகத்தை வர்ணிக்கறதுல உங்க சக்தியைச் செலவு பண்ணாதீங்க, விட்டுட்டுப் போற அடுப்பங்கரையை எழுதுங்க.

பெரிய பேருங்க விஷயம். லெட் செப்பலினோட 'ஸ்டேர்வே டு ஹெவன்'ல (1971) வேலிப் புதருக்குள்ள சலசலப்பு, மே ராணிக்கான வசந்த சுத்தம்னு ரெண்டு வரி வரும், ராபர்ட் ப்ளான்ட் அப்ப கெல்டிக் பிரிட்டனோட மந்திரக் கலை பத்தின லூயிஸ் ஸ்பென்ஸ் புஸ்தகத்தைப் படிச்சுட்டிருந்தாருன்னு சொல்வாங்க. முந்தின வருஷம் வேல்ஸ்ல ப்ரானராருங்கற கரண்ட் இல்லாத குடிசைல அவரும் ஜிம்மி பேஜும் தங்கினதோட வாசனையும் அதுல இருக்கு. ரெண்டு வரி, அவ்வளவுதான், கோடி காட்டிட்டு நகந்துடறார், அதனால அது வேலை செய்யுது. ஜெத்ரோ டல்லோட 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்'ல (1977) நிறைய இடத்துல மே மாசக் காடு, பச்சை மனுஷன், பெல்டேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம், வாசிப்பு அபாரம், ஆனா ஒரு ஆபத்தும் அதுல இல்ல, அந்தக் காட்டுக்குள்ள போனவன் கண்டிப்பா திரும்பி வந்துடுவான்னு தெரியுது. அதை இங்கிலீஷ் கிராமத்துச் சந்தோஷமா கேளுங்க, கெல்டிக்னு கேக்காதீங்க, அதுல ஒரு பாட்டா வர்ற ஜாக் இன் தி கிரீன்ங்கற இலைதழை போத்தின ஆளே 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல மே தின ஊர்வலத்துல வந்த வழக்கம், லண்டன்ல சிம்னி சுத்தம் பண்றவங்க ஆடினது.

தப்புகள் சிலது மெட்டல் லிரிக்ஸ்ல திரும்பத் திரும்ப வரும். சௌவின்ங்கறது சாவுக்கான கடவுள் பேர்னு எழுதாதீங்க, அப்படி ஒரு கடவுள் கிடையாது, 18ஆம் நூற்றாண்டுல சார்ல்ஸ் வாலன்சிங்கறவர் கிளப்பி விட்டது இன்னும் ஓடுது. எட்டு பண்டிகைச் சக்கரத்தை ட்ரூயிட் (பழைய கெல்டிக் பூசாரிங்க) காலத்ததுன்னு எழுதாதீங்க, அந்த எட்டையும் ஒண்ணா சேத்தது 1950கள்ல இங்கிலாந்து நவீன பேகன்கள். அது புதுசுங்கறதுனால மட்டம்னு நான் சொல்லல, எடின்பரோ கால்டன் மலைல 1988லேர்ந்து நடக்கற பெல்டேன் நெருப்பு விழாவை ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமான ஆளே டெஸ்ட் டிபார்ட்மென்ட்ங்கற இண்டஸ்ட்ரியல் பேண்டோட ஆங்கஸ் ஃபார்குவர்தான், ராத்திரி பூரா ட்ரம்ஸ் அதிரும், அது இன்னிக்கு உயிரோட இருக்கற பண்டிகை, அதைப் பத்தி தாராளமா பாட்டு எழுதலாம். ஃப்ளீட்வுட் மேக்கோட 'ரியானன்' கேட்டுட்டு அது வெல்ஷ் புராணப் பாட்டுன்னு நினைக்கறவங்க நிறைய, ஸ்டீவி நிக்ஸ் அந்தப் பேரை ஒரு நாவல்ல பாத்து எடுத்தது, புராண ரியானனைப் பத்தி அவங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது.

கடைசியா, யாரும் அதிகம் தொடாத ரெண்டு நாளைச் சொல்றேன், எல்லாரும் ஹாலோவீனுக்கும் மே தினத்துக்கும்தான் ஓடறாங்க. இம்போல்க் பிரிஜித்தோட நாள், கவிதைக்கும் வைத்தியத்துக்கும் கொல்லன் பட்டறைக்கும் அதே பேர்ல மூணு சகோதரிங்கன்னு கார்மக் அகராதி சொல்லுது. முந்தின ராத்திரி ஒரு துணியை வெளில விட்டுடுவாங்க, பிரிஜித் போகும்போது தொட்டுட்டுப் போவா, அந்தத் துணி வருஷம் பூரா தலைவலிக்கும் பிரசவத்துக்கும் மருந்து. லூனசா இன்னும் கனமானது. லூ தெய்வத்தோட வளர்ப்புத் தாய் டெய்ல்டு, காட்டை அழிச்சு விளைநிலம் ஆக்கிட்டு அந்தக் களைப்புலயே செத்துப் போறா. அவ ஞாபகமா லூ நடத்தின ஈமச் சடங்கு விளையாட்டுதான் அந்தப் பண்டிகை, மீத் மாவட்டத்துல டெல்டவுன்ங்கற இடத்துல நடந்ததா சொல்வாங்க. வயல் இருக்கு, சோறு இருக்கு, அதை உண்டாக்கினவ இல்ல, அவ குழிமேட்டுக்குப் பக்கத்துல ஊரே குதிரைப் பந்தயம் விடுது, கல்யாணம் பேசுது. இதை வெச்சு மனசுல நிக்கற மாதிரி ஒரு ராக் பாட்டு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. உங்க அஞ்சு பாட்டுல ஒண்ணு இதுவா இருக்கட்டும், டெய்ல்டு கைல இருக்கற கோடாலிலேர்ந்து ஆரம்பிங்க, பண்டிகைப் பேரைக் கடைசிப் பத்தி வரைக்கும் சொல்லாம வெச்சுப் பாருங்க.